செயற்கை மழை: எமது வரட்சிக்கு மருந்தாகுமா?

2024 ஏப்ரல் 16 ஆம் திகதி துபாய் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. நெடுஞ்சாலைகளில் வாகனங்கள் மிதந்தன. விமான நிலைய ஓடுபாதை குளம்போலக் காட்சியளித்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் அல்ஐன் பிரதேசத்தில் கத்ம் அல் ஷக்லா என்னும் இடத்தில் ஒரு நாளுக்கும் குறைந்த நேரத்தில் 254 மி.மீ. மழை பதிவானது. அந்நாட்டில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே சராசரியாக 100 மி.மீ. அளவுதான். 1949 இல் பதிவுகள் ஆரம்பித்த நாள் முதல் அங்கு இப்படியொரு மழை பெய்ததில்லை.

அன்று எங்கள் குடும்ப வட்சப் குழுவிலும் அந்தக் காணொளிகள் வந்து குவிந்தன. அபூதாபியில் தொழில் செய்யும் என் மாமாவும் இரண்டு மூன்று அனுப்பியிருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே விளக்கம்தான்: “செயற்கை மழை போட்டதால் வந்த வினை.” அந்தச் செய்தியை எல்லோரும் பயத்தோடு வாசித்தார்கள். என் வாப்பா மட்டும் ஆசையோடு வாசித்தார். காரணம், நாங்கள் கிழக்கு மாகாணத்தில் நெல் செய்யும் குடும்பம். குளத்தில் நீர் குறைந்த வருடங்களில் சிறுபோகத்திற்குக் காணியில் ஒரு பங்குக்கு மட்டுமே நீர் என்று ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். மீதி வயல் வெடித்துக் கிடக்கும். “துபாய்க்காரன் காசு குடுத்து மழ பெய்ய வைக்கிறானாம். எங்கட வட்டைக்கி மேலால ஒரு பிளேன உட்டா என்னவாம்?” என்று வாப்பா கேட்டார். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் மகளிடம் கேட்ட கேள்வி அது. சிரித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தேடி வாசித்தவற்றை, அதே கேள்வி உங்கள் வீடுகளிலும் எழக்கூடும் என்பதால், இங்கே தருகிறேன்.

மழைத்துளி எப்படிப் பிறக்கிறது?

முகில் என்பது நீராவி அல்ல. அது மிகச் சிறிய நீர்த்துளிகளின் கூட்டம். ஒரு முகில்துளியின் விட்டம் ஏறத்தாழ 0.02 மி.மீ. தான். ஒரு நல்ல மழைத்துளியோ 2 மி.மீ. வரை இருக்கும். விட்டம் 100 மடங்கு என்றால் கனவளவு 10 இலட்சம் மடங்கு. ஆகவே ஒரு மழைத்துளி உருவாக வேண்டுமாயின் சுமார் 10 இலட்சம் முகில்துளிகள் ஒன்றுசேர வேண்டும். அப்படிச் சேராதவரை அந்தத் துளிகள் பாரமற்றவை. மேலெழும் காற்றே அவற்றைத் தாங்கிக்கொள்ளும். கறுத்துத் திரண்ட முகில் பெய்யாமலே கலைந்து போவதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்!

துளிகள் ஒன்றுசேர இரண்டு வழிகள் உண்டு. முதலாவது குளிர்ந்த முகில்களில் நடப்பது. தூய்மையான நீர் 0 பாகை செல்சியசில் கட்டாயம் உறைய வேண்டும் என்பதில்லை. பற்றிக்கொள்ள ஒரு தூசியோ பளிங்கோ இல்லாவிட்டால் சுழியத்துக்குக் கீழே, ஏறக்குறைய 40 பாகை வரையிலும்கூட முகில்துளி திரவமாகவே இருக்கும். இதனை அதிகுளிர்ந்த நீர் என்பர். இத்தகைய முகிலில் ஒரு பனிப்பளிங்கு தோன்றிவிட்டால், சுற்றியுள்ள துளிகளிலிருந்து ஆவியாகும் நீர் அதன்மீது படிந்து அதனை வேகமாக வளர்க்கும். வளர்ந்த பளிங்கு பாரம் தாங்காமல் விழும். வெப்ப நாடுகளில் அது வழியில் உருகி மழையாக வந்து சேரும்.

இரண்டாவது வழி வெப்பமான முகில்களில் நடப்பது. அங்கே சில துளிகள் மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். அவை மற்றவற்றுடன் மோதி, அவற்றையும் சேர்த்துக்கொண்டு பெருத்துப் பெருத்து விழும். இவ்வாறு பெரிய துளிகளைத் தொடங்கி வைப்பதில் கடலிலிருந்து காற்றில் கலக்கும் உப்புத் துணிக்கைகளுக்குப் பெரிய பங்குண்டு. உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதை, மழைக்காலத்தில் எங்கள் குசினி உப்புப் போத்தலே சொல்லும்.

விதைப்பு என்பது என்ன?

1946 ஜூலையில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் வின்சென்ட் ஷேபர் என்பவர் ஒரு குளிர்பெட்டிக்குள் தன் மூச்சை ஊதி, செயற்கை முகில் ஒன்றை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். பெட்டி போதிய குளிராக இல்லை. குளிரைக் கூட்டுவதற்காக உலர் பனிக்கட்டியை, அதாவது திண்மக் காபனீரொட்சைட்டை, உள்ளே வைத்தார். கண்மூடித் திறப்பதற்குள் பெட்டி முழுவதும் பனிப்பளிங்குகள் மினுங்கின. அதே வருடம் நவம்பர் 13 ஆம் திகதி அவர் விமானத்தில் ஏறி உண்மையான முகிலொன்றில் உலர் பனிக்கட்டியைத் தூவினார். முகிலின் அடியிலிருந்து பனி உதிர்ந்தது. எனினும் நிலத்தை அடைவதற்கு முன்பே அது ஆவியாகிவிட்டது. அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பேர்னாட் வொனகட், வெள்ளி அயடைட்டின் பளிங்கு அமைப்பு பனிக்கட்டியின் அமைப்பை ஒத்திருப்பதைக் கவனித்து, அதனையும் பயன்படுத்தலாம் எனக் காட்டினார். அதிகுளிர்ந்த நீர்த்துளி அதனைப் பனியென்று எண்ணி ஏமாந்து உறைகிறது எனலாம்.

இன்றுவரை முறை அடிப்படையில் மாறவில்லை. குளிர்ந்த முகில் என்றால் வெள்ளி அயடைட்டு. வெப்பமான முகில் என்றால் நுண்ணிய உப்பு. அமீரகத்தில் 1990களில் இம்முயற்சி தொடங்கியது. கோடைகாலப் பிற்பகல்களில் கிழக்கே ஹஜர் மலைத்தொடரின் மேல் முகில்கள் திரளும். தேசிய வானிலை மையத்தினர் ராடாரில் அவற்றைக் கண்டதும் விமானத்தை அனுப்புவார்கள். விமானத்தின் இறக்கைகளில் உப்புக் கலந்த குழல்கள் பொருத்தப்பட்டிருக்கும். முகிலின் அடிப்பாகத்தில், காற்று மேலெழும் இடம் பார்த்து, விமானி அவற்றைப் பற்றவைப்பார். உப்புப்புகை அந்தக் காற்றோடு முகிலுக்குள் ஏறும்.

தோழியரே, இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். விமானம் முகிலைக் கொண்டுபோகவில்லை. முகில் முதலில் அங்கே இருக்க வேண்டும். விதைப்பு என்று பெயர் சொன்னாலும் இது வெறும் நிலத்தில் விதைப்பதைப் போன்றதல்ல. மரத்தில் ஏற்கெனவே முற்றிய காயைப் புகைபோட்டுப் பழுக்க வைப்பதைப் போன்றது. மரத்தில் காய் இல்லையென்றால் புகை போட்டு என்ன பயன்?

துபாய் வெள்ளத்திற்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. அந்தப் புயல் அரபுத் தீபகற்பத்தில் பரந்த ஒரு பெரும் வானிலைத் தொகுதி. அதன் வருகை நாட்களுக்கு முன்பே எதிர்வுகூறப்பட்டிருந்தது. அயல்நாடான ஓமானில் அதே தொகுதி பாடசாலை மாணவர்கள் உட்படப் பல உயிர்களைப் பலிகொண்டது. புயல் வேளையில் விதைப்பு விமானங்கள் பறக்கவில்லை என்று அமீரகத்தின் வானிலை மையம் தெரிவித்தது. பறந்திருந்தாலும் சில கிலோ உப்பினால் அத்தனை நீரை வானில் உண்டாக்க முடியாது.

எவ்வளவு கூடுதல் மழை கிடைக்கும்?

இதுதான் மிகக் கடினமான கேள்வி. விதைத்த முகில் பெய்தால், விதைக்காவிட்டாலும் அது பெய்திருக்குமா என்று எப்படி அறிவது? ஒரே முகிலை இரண்டு விதமாகச் சோதிக்க முடியாது. மருந்தைச் சோதிப்பதுபோல, பல முகில்களைத் தெரிவுசெய்து, குலுக்கல் முறையில் சிலவற்றை விதைத்தும் சிலவற்றை விட்டும் ஒப்பிடுவதே நேர்மையான வழி.

அப்படிச் செய்த ஆய்வுகள் கலவையான பதிலையே தருகின்றன. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வு, பொருத்தமான பனிப்புயல்களில் 5 முதல் 15 வீதம் வரை கூடுதல் பனி கிடைக்கலாம் எனக் கூறியது. ஆனால் எல்லாப் புயல்களும் பொருத்தமானவை அல்ல. 2017 இல் ஐடஹோ மாநிலத்தில், விமானம் சென்ற வளைந்த பாதையிலேயே பனி உருவாவதை ராடார் தெளிவாகப் படம்பிடித்தது. இம்முறை வேலை செய்கிறது என்பதற்கு அது வலுவான சான்று. இந்தியாவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ள சோலாப்பூரில் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் செய்த ஆய்வில் 18 வீத அதிகரிப்புக் கண்டதாகப் பூனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் அறிவித்தது. மறுபுறம், பல தசாப்தங்களாக விதைப்புச் செய்துவந்த இஸ்ரேல், 2013 முதல் 2020 வரை நடத்திய கடைசிச் சோதனையில் 2 வீதத்திற்கும் குறைவான அதிகரிப்பையே கண்டது. அதுவும் தற்செயலா என்று பிரித்தறிய முடியாத அளவு. அதன்பின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

நல்ல பெறுபேற்றையே எடுத்துக்கொள்வோம். 15 வீதம் என வைப்போம். 20 மி.மீ. பெய்யவிருந்த மழை 23 மி.மீ. பெய்யும். 3 மி.மீ. இலாபம். சிறிதாகத் தோன்றினாலும் ஒரு சதுர கிலோமீற்றர் பரப்பில் 3 மி.மீ. என்பது 30 இலட்சம் லீற்றர். அலட்சியப்படுத்தக்கூடிய அளவல்ல. ஆனால் வரட்சி நாளில் பெய்யவிருக்கும் மழை பூச்சியம். பூச்சியத்தின் 15 வீதமும் பூச்சியம்தான். இந்த ஒரு கணக்குப் புரிந்தால் செயற்கை மழையின் பாதிக்கதை புரிந்துவிடும்.

எங்கள் வானத்தில் என்ன இருக்கிறது?

இலங்கையும் இதனை முயன்று பார்த்த நாடுதான். 2019 மார்ச் மாதம் நீர்த்தேக்கங்கள் வற்றி நாடெங்கும் மின்வெட்டு ஏற்பட்ட வேளையில், தாய்லாந்தின் தொழில்நுட்ப உதவியோடு மௌசாக்கலை நீர்த்தேக்கப் பகுதியில் விமானப்படை விமானம் மூலம் முகில் விதைப்பு நடந்தது. மழை பெய்ததாகவும் அறிவிக்கப்பட்டது. தாய்லாந்து 1969 இல் மன்னர் பூமிபோலின் முயற்சியால் இதனை ஆரம்பித்து, தனியொரு அரச திணைக்களமே வைத்திருக்கும் நாடு.

மௌசாக்கலையில் பெய்தது விதைப்பினால்தானா? மார்ச், ஏப்ரல் மாதங்கள் எமது நாட்டின் முதலாவது இடைப்பருவக் காலம். மலைநாட்டில் பிற்பகலில் இடிமுழக்கத்தோடு மழை பெய்வது அப்பருவத்தின் இயல்பு. ஆகவே ஒருநாள் பறந்து ஒருநாள் பெய்ததை வைத்து ஆம் என்றும் கூற முடியாது, இல்லை என்றும் கூற முடியாது. பல தடவை, முறையாக அளந்து செய்திருந்தால் மட்டுமே பதில் கிடைத்திருக்கும்.

ஆனால் மலைநாட்டைத் தெரிவு செய்தது தற்செயல் அல்ல. முகில் திரளும் இடம் அது. எங்கள் கிழக்கின் நிலைமை வேறு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டில் மோதி, ஏறி, குளிர்ந்து, தன் நீரை அந்தப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது அதே காற்று அமுங்கிச் சூடாகிறது. அதைத்தான் நாங்கள் கச்சான் காற்று என்கிறோம். உதடு வெடிக்க, கிணறு இறங்க, வயல் பிளக்க வீசும் அந்தக் காற்றில் விதைப்பதற்கு ஏற்ற முகிலே அரிது. சிறுபோகத்திற்கு நீர் தேவைப்படும் காலமும் அதுதான். வாப்பாவின் கேள்விக்கு விடை இதுவே: வட்டைக்கு மேலால் பிளேன் பறக்கலாம், ஆனால் கச்சான் மாதத்தில் அதற்கு அங்கே வேலை இல்லை.

முகில் நிறைந்த காலம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரி. அப்போது விதைத்துச் சற்றுக் கூடுதலாகப் பெய்யவைத்து, அதனைக் குளத்தில் சேமித்துச் சிறுபோகத்திற்குக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. ஆனால் மாரியில் எங்கள் பிரச்சினை நீர் போதாமை அல்ல. வான்கதவு திறந்து ஊருக்குள் வெள்ளம் வருவதுதான். சேற்றால் தூர்ந்துபோன குளத்தில் இருக்கும் மழைக்கே இடமில்லாதபோது கூடுதல் மழையை எங்கே வைப்பது?

அச்சங்களும் நியாயங்களும்

வெள்ளி அயடைட்டு நஞ்சல்லவா என்று சிலர் கேட்கின்றனர். ஒவ்வொரு தடவையும் பயன்படுவது சில கிராம்களிலிருந்து சில கிலோ வரைதான். அது பெரும் பரப்பில் கலந்துவிடுவதால், இதுவரையிலான அளவைகளில் நீரிலும் மண்ணிலும் தீங்கான மட்டம் காணப்படவில்லை. எனினும் ஒரே நீரேந்து பிரதேசத்தில் ஆண்டுக்கணக்காகச் செய்வதானால் தொடர்ந்து அளந்து பார்ப்பது கடமை.

இதைவிடப் பெரிய அச்சம் மனிதரைப் பற்றியது. 1967 முதல் 1972 வரை வியட்நாம் போரில் எதிரியின் பாதைகளைச் சேறாக்குவதற்காக அமெரிக்கா இரகசியமாக முகில்களை விதைத்தது. செய்தி வெளியானபின் உலகம் அதிர்ந்தது. வானிலையைப் போர்க்கருவியாக்குவதைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கை 1978 இல் நடைமுறைக்கு வந்தது. 2018 இல் ஈரானின் தளபதி ஒருவர், தமது முகில்களை இஸ்ரேல் திருடுவதாகக் குற்றஞ்சாட்டினார். அது சாத்தியமில்லை என்று மறுத்தவர் ஈரானின் வானிலைத் துறையைச் சேர்ந்த அதிகாரியே. நீர் குறையக் குறைய, முகில் யாருடையது என்ற சண்டை கூடும் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

உம்மா வேறொன்றைக் கேட்டார்: “இது அல்லாஹ்ட வேலையில கை வெக்கிறதில்லையா?” நான் வாசித்தவரையில், இத்துறையின் விஞ்ஞானிகள் எவரும் முகிலைப் படைத்ததாகக் கூறுவதில்லை. வந்த முகிலுக்கு ஒரு தூண்டுதல் கொடுப்பதாகவே கூறுகின்றனர். விதைப்பு விமானங்களை வைத்திருக்கும் அமீரகத்திலேயே மழை பொய்த்த காலங்களில் ஆட்சியாளரின் அழைப்பின் பேரில் பள்ளிவாசல்களில் மழை தேடித் தொழுகை நடத்தப்படுகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதைப் போன்றதே அது. உம்மாவுக்கு இந்த விளக்கம் பிடித்திருந்தது.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன?

அமீரகத்தைப் பார்த்து ஆசைப்படும் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். அங்கே குழாயில் வரும் குடிநீரில் பெரும்பகுதி கடல்நீரை நன்னீராக்கிப் பெறுவது. முகில் விதைப்பு அதற்கு மேலான ஒரு சிறு சேர்க்கை மாத்திரமே. அந்தச் செல்வந்த நாடே தன் தாகத்தை முகிலிடம் ஒப்படைக்கவில்லை.

எங்களிடம் அவர்களிடம் இல்லாத ஒன்று உண்டு. வரண்ட வலயம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் பிரதேசத்திலேயே ஆண்டுக்கு 1000 மி.மீ. இற்கும் அதிகமாக மழை பெய்கிறது. அமீரகத்தைவிடப் பத்து மடங்கு! எங்கள் குறை மழையில்லாமை அல்ல. சில மாதங்களில் கொட்டுவதைப் பிடித்து வைக்காமை. ஒரு குளத்தின் வடிநீர் அடுத்த குளத்திற்குப் போகும்படி நம் முன்னோர் கட்டிய தொடர்குளங்களை உலக உணவு விவசாய நிறுவனம் உலகப் பெறுமதி வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றுக்கொண்டுள்ளது. அவற்றில் பல இன்று தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கின்றன. குளத்தின் ஆழத்தை மீட்பதும், கரையோர மரங்களை மீள நடுவதும், வாய்க்காலின் கசிவை அடைப்பதும் செய்திகளில் இடம்பிடிக்காத வேலைகள். ஆனால் அவற்றின் பலன் பூச்சியத்தின் 15 வீதமல்ல.

எங்கள் கல்லூரியிலேயே தொடங்கலாம். ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லீற்றர் நீர். 500 சதுர மீற்றர் கூரையில் ஆண்டுக்கு 1500 மி.மீ. பெய்தால் 7,50,000 லீற்றர். ஐந்திலொன்று வீணானாலும் 6 இலட்சம் லீற்றர். பவுசர் வரும் நாளை எதிர்பார்த்து வாளியோடு நிற்கும் வீடுகள் உள்ள ஊரில், இந்த நீர் ஒவ்வொரு மாரியிலும் பீலி வழியாகக் கானுக்குள் போய்க் கடலில் கலக்கிறது. நாட்டில் விதைப்பு ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலைநாட்டு நீரேந்து பகுதிகளில், முறையாக அளந்து, பெறுபேறுகளை மறைக்காமல் வெளியிட்டுச் செய்வதாயின் அது பயனுள்ள ஆய்வே. ஆனால் குளம் திருத்த வேண்டிய பணம் அதற்குப் போகக்கூடாது.

விஞ்ஞான மன்றத்திற்கு எனது வேண்டுகோள் ஒன்று உண்டு. வரும் மாரிக்கு முன்னர் விளையாட்டு மைதான ஓரத்தில் ஒரு மழைமானியை நிறுவுவோம். தினமும் காலை 8.30 மணிக்கு இருவர் வீதம் முறைவைத்து அளந்து குறித்து வைப்போம். எங்கள் ஊருக்கு எவ்வளவு மழை வருகிறது, அதில் எவ்வளவு எங்கள் கூரையிலிருந்து மட்டும் ஓடிப்போகிறது என்ற கணக்கை வருட முடிவில் அதிபர் அவர்களின் மேசையில் வைப்போம். தாங்கி கட்டக் கேட்பதற்கு அதைவிட நல்ல விண்ணப்பம் வேறில்லை.